அடுத்த தொற்று வந்தால் முதலில் எந்த வகுப்பைத் திறப்பது?

2020 நவம்பர் 9ஆம் தேதி தமிழ்நாடு முழுக்கப் பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். கொரோனாவால் பூட்டிக்கிடந்த பள்ளிகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையுள்ள வகுப்புகளை 16ஆம் தேதி திறக்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. மூத்தவளுக்காக நானும் சேலத்தில் ஒரு கூட்டத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். திறந்தே ஆகவேண்டும் என்று பாதிப் பேர், உயிரை விடப் படிப்பு பெரிசா என்று மீதிப் பேர். அந்த வாரமே அரசு திறப்பைத் தள்ளிவைத்துவிட்டது. கூட்டம் நடந்த மறுநாள் சினிமா தியேட்டர்கள் திறந்தன என்பது தனிக் கதை.

இளையவன் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவனுக்காக என்னை யாரும் கூப்பிடவில்லை. அவன் முதன்முதலாக வகுப்பறைக்குள் போய் உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி, இரண்டாம் வகுப்புப் பிள்ளையாக.

இப்போது அவன் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். இன்னொரு தொற்று வந்தால் நம் பள்ளி என்ன செய்யும் என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. மூடு, திற என்று இரண்டே பதில்தான் உண்டு என்பது போல வாக்குவாதம் போனது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து யோசித்ததில், நம் முன்னால் நான்கு வழிகளாவது இருக்கின்றன என்று பட்டது. மூடிவைத்துப் போனில் பாடம் நடத்துவது, முழுசாகத் திறப்பது, சுழற்சி முறை, ஊருக்குள்ளேயே சின்னச் சின்னக் குழுக்களாக நடத்துவது. எதுவுமே எல்லா வகுப்புக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தாது. சேலம் டவுனுக்குள் இருக்கும் செவ்வாய்ப்பேட்டைக்குச் சரிவருவது ஏற்காடு மலை மேல் இருக்கும் நாகலூருக்குச் சரிவராது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புது நோய் வந்த முதல் சில வாரங்களில் மூடுவதைப் பற்றி எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அது யாரைத் தாக்கும், எப்படிப் பரவும் என்று தெரியாதபோது வேறு வழி கிடையாது. கொரோனா பிள்ளைகளைப் பெரும்பாலும் லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. ஃப்ளூ காய்ச்சல் அப்படியல்ல, அதைப் பரப்புவதில் பிள்ளைகளுக்குத்தான் பெரிய பங்கு. அதேபோல 2021 மே மாதம். கோவை, ஈரோடு, சேலம் என்று மேற்கு மாவட்டங்களில் தொற்று இறங்கவே மறுத்தது. ஊரடங்குத் தளர்வு கொடுத்தபோதுகூட 11 மாவட்டங்களை விலக்கிவைத்தார்கள், அதில் சேலமும் ஒன்று. உருக்காலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பள்ளியைத் திற என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். என் கேள்வியெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் இருந்த மாதங்களைப் பற்றித்தான். கடைவீதியில் தீபாவளிக் கூட்டம் நெரிந்த, கல்யாண மண்டபங்களில் பந்தி நடந்த, தொடக்கப் பள்ளி மட்டும் பூட்டிக்கிடந்த மாதங்கள்.

முதல் வழி, போன். ஆசிரியருக்குத் தொற்று வராது, பிள்ளை வழியாகப் பாட்டிக்கும் வராது. அதுதான் இதன் ஒரே பலம், ஆனால் சின்னப் பலமில்லை. 2019இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சி கையில் தயாராக இருந்ததும் நல்லதாகப் போயிற்று. ஆனால் தொலைக்காட்சி பேசும், பிள்ளை திருப்பிக் கேட்க முடியாது. 'ழ'வை எழுதும்போது சுழி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்துக் காட்ட அதனால் முடியாது.

போன் என்னவாயிற்று? சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்குப் போயிருந்தபோது எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று கொலுசுக்கு மணி கோத்துக்கொண்டிருந்தது. முன்னால் எடைத்தராசில் சாய்த்துவைத்த போனில் கணக்கு வாத்தியார் பேசிக்கொண்டிருந்தார். கை நிற்கவே இல்லை. "வீடியோவ ஆஃப் பண்ணிட்டா நெட்டு கம்மியாத்தாங்கண்ணா ஆவும்" என்று எனக்கே பாடம் சொன்னது. வருகைப் பதிவேட்டில் அது அன்றைக்குப் 'பிரசென்ட்'. இளம்பிள்ளையில் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிய பிள்ளைகளும் அப்படித்தான். வீட்டில் ஒரே போன், அதை அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாயங்காலம் அவர் வந்த பிறகு வாட்ஸ்அப்பைத் திறந்தால் காலையிலிருந்து வந்த பாடங்கள் வரிசையாக நிற்கும்.

இதை நான் பார்த்த ஓரிரு வீடுகளை வைத்துச் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலும், வசதி குறைந்த குடும்பங்களிடம் எடுத்த கணக்கெடுப்பில், கிராமப்புறப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். நூற்றுக்கு 37 பேர் படிக்கவே இல்லை. போன் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கு, கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. நாடு முழுக்க ஸ்மார்ட்போன் இருக்கும் வீடுகள் 2018இல் நூற்றுக்கு 36.5 ஆக இருந்து 2021இல் 67.6 ஆக ஏறின. ஆனால் வாசிப்பு இறங்கியது. 2022இல் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் நூற்றுக்கு 4.8 பேர். நான்கு வருடம் முன்னால் அது 10.2. அதுவே பெருமைப்படும் எண்ணிக்கை இல்லை என்பது வேறு விஷயம். ஐந்தாம் வகுப்பில் 40.7 இருந்தது 25.2 ஆயிற்று. 2022இல் மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள் யார்? 2020இல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்தவர்கள், என் இளையவனுடைய செட்.

இரண்டாவது வழி, முழுசாகத் திறப்பது. இதைச் சொல்பவர்கள் உடனே சுவீடனைக் காட்டுவார்கள். அங்கே 2020 வசந்தத்தில் 16 வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்குப் பள்ளி மூடவே இல்லை, மேல்நிலை வகுப்புகள் மட்டும் வீட்டிலிருந்து படித்தன. பெற்றோருக்குத் தொற்று கொஞ்சம்தான் கூடியது. ஆனால் பாதிச் செய்தியை மட்டும் சொன்னால் எப்படி? நேரில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு, வீட்டிலிருந்து நடத்திய மேல்நிலை ஆசிரியர்களை விடத் தொற்று ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. "பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்று எளிதாகச் சொல்கிறோம். ஐம்பத்தைந்து வயதில் சர்க்கரையும் பிரஷரும் உள்ள டீச்சர் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறார்?

இஸ்ரேலில் 2020 மே மாதம் பள்ளிகளைத் திறந்த சில நாட்களில் ஜெருசலேமில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று. அந்த வாரம் அனல் வெயில் என்று மாஸ்க் வேண்டாம் என்றிருந்தார்கள், ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டென்மார்க் அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே திறந்தது. ஆனால் சின்ன வகுப்புகளை மட்டும், சின்னக் குழுக்களாக, முடிந்தவரை வெட்டவெளியில்.

இதைச் சேலத்துக்கு வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. வசதி குறைவு என்று நாம் நினைக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தாழ்வாரம் உண்டு, கதவு சரியாகச் சாத்தாத ஜன்னல் உண்டு, வேப்பமரம் உண்டு. காற்று அதுபாட்டுக்கு வந்து போகும். லட்சம் லட்சமாகக் கட்டணம் வாங்கும் ஏசி வகுப்பறையில்தான் ஆபத்து கூட. அரசுப் பள்ளிகளின் பிரச்சினை வேறு. டவுனுக்குள் இருக்கும் மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு வகுப்பில் ஐம்பது, அறுபது பேர். வழியில் ஆட்டோ. முழங்காலில் பை, பை மேல் தம்பி என்று எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து வரும் ஆட்டோவில் இறங்கியதும் வாசலில் சானிடைசர் தெளித்து என்ன பயன்?

மூன்றாவதான சுழற்சி முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒன்றுவிட்ட ஒரு நாள் பாதிப் பிள்ளைகள் வருவது. 2021இல் அதைத்தான் செய்தார்கள். நெரிசலான டவுன் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இது ஓரளவு ஓடும், பெரிய பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுத்து அனுப்பலாம். ஒன்றாம் வகுப்புக்கு இது ஆகாது. திங்கட்கிழமை கற்ற எழுத்து புதன்கிழமைக்குள் காணாமல் போயிருக்கும். அண்ணன் போகும் நாளில் தங்கை வீட்டில், தங்கை போகும் நாளில் அண்ணன் வீட்டில் என்று ஆனால் கூலிக்குப் போகும் அம்மாவுக்கு எல்லா நாளும் லீவு. மலையில் மொத்தமே இருபது பிள்ளைகள் இருக்கும் தொடக்கப் பள்ளியில் பாதிப் பாதியாகப் பிரிப்பதற்கு அர்த்தமே கிடையாது. விதி மாநிலத்துக்கு ஒன்று என்று வரும்போது இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்.

நான்காவது வழிக்கு என் ஓட்டு கொஞ்சம் சாயும். ஊருக்குள்ளேயே, திண்ணையிலோ மரத்தடியிலோ கோயில் மண்டபத்திலோ, பத்து இருபது பிள்ளைகளுக்கு உள்ளூர்க்காரர் ஒருவர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் சொல்லிக்கொடுப்பது. தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் செய்தது இதைத்தான். தன்னார்வலர்களுக்கு மாதம் 1000 ரூபாய் கொடுத்தார்கள், பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து பரிசோதித்து அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப வந்துவிட்டது என்றும், அப்படி மீண்டதில் ஏறக்குறைய கால்பங்குக்கு இந்தத் திட்டம் காரணம் என்றும் கணக்கிட்டார்கள். ஆயிரம் ரூபாய்க்கு இது பெரிய விஷயம்.

எதிர்ப்பும் இருந்தது. பயிற்சி பெறாதவர்களை வைத்துப் பாடமா, மத்திய அரசின் புதிய கல்விக் கொள்கை பின்வாசல் வழியாக நுழைகிறதா என்று கேட்டார்கள். நிரந்தர ஏற்பாடாக்கினால் அந்தப் பயம் நியாயம். தொற்றுக் காலத்துக்கு மட்டும் என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. என் குறை வேறு. திட்டம் தொடங்கியது 2021 அக்டோபர் 27. ஒன்று முதல் எட்டு வரை பள்ளி திறந்தது நவம்பர் 1. அதாவது தெருவில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கும் யோசனை, பள்ளி திறப்பதற்கு ஐந்து நாள் முன்னால்தான் வந்து சேர்ந்தது. 2020 ஆடி ஆவணியிலேயே இதைச் செய்திருந்தால் இளையவன் அரிச்சுவடியைத் தாண்டியிருப்பான்.

இந்த வழியில் இன்னொரு ஓட்டை, சாப்பாடு. பள்ளி மூடிய மாதங்களில் சத்துணவுக்குப் பதிலாக அரிசி, பருப்பு, முட்டை என்று வீட்டுக்குக் கொடுத்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் தட்டில் வைத்த முட்டை பிள்ளை வயிற்றுக்குப் போகும், பையில் போட்டுக் கொடுத்த முட்டை குடும்பத்துக்குப் போகும். திண்ணை வகுப்பு நடத்தினாலும் சத்துணவுக் கூடத்தை மட்டும் திறந்துவைத்து, வரிசையில் நிறுத்திச் சமைத்த சாப்பாடு போடலாம். இதற்கு வகுப்பறையே வேண்டாம், சமையலறையும் மைதானமும் போதும்.

இனி மலை. ஏற்காடு என்றால் சுற்றுலா வருபவர்களுக்கு ஏரியும் லேடீஸ் சீட்டும். மலைக்காரர்களுக்கு அது 67 கிராமங்கள், அவற்றில் பலவற்றுக்குப் பஸ் இருந்தாலும் நாளைக்கு ஓரிரு முறைதான். சிக்னலுக்குப் பாறை மேல் ஏறி நிற்கும் பிள்ளைகளைப் பற்றிப் பத்திரிகைகள் படம் போட்டன. படம் நன்றாகத்தான் இருந்தது. போனில் பாடம் என்ற முதல் வழி அங்கே பேச்சுக்குக்கூட நிற்காது. அப்பா அம்மா காப்பித் தோட்டத்துக்குப் போய்விட்டால் பிள்ளையும் கூடவே போகும், பழம் பறிக்கும் மாதங்களில் அதன் கைக்கும் ஒரு கூடை கிடைக்கும்.

அப்படியானால் மலைப் பள்ளிகளை முதலில் திறக்கலாமே? திறக்கலாம் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகள் குறைவு, எல்லாரும் நடந்தே வருகிறார்கள், ஒரே ஊர், ஒரே தெரு, பள்ளிக்கு வெளியேயும் ஒன்றாகத்தான் விளையாடுகிறார்கள். ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆசிரியர்களில் பலர் தினமும் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வருபவர்கள். மலைக்குத் தொற்று ஏறுவது கீழேயிருந்துதான். வார இறுதியில் சுற்றுலா வண்டிகளில் ஏறும், தினசரி பஸ்ஸில் ஆசிரியரோடும் ஏறும். ஏற்காட்டில் முடியாமல் போனால் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் இறக்க வேண்டும், செம்மநத்தத்திலிருந்து அது எவ்வளவு நேரம் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு வழி, மலையிலேயே தங்க ஒத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை இடமும் சாப்பாடும் ஏற்பாடு செய்வது. தொற்றுக் காலத்தில் ஏற்காட்டில் காலியாகக் கிடந்த விடுதி அறைகளுக்குக் கணக்கில்லை. இன்னொன்று குளிர். கீழே சேலத்தில் ஜன்னலைத் திறந்துவை என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, வெயிலே சொல்லும். மேலே கார்த்திகை, மார்கழியில் பனிமூட்டம் வகுப்பறைக்குள்ளேயே வரும், ஜன்னலை இறுகச் சாத்திவிட்டுத்தான் உட்காருவார்கள். அந்த இரண்டு மாதம் மட்டும் காலை பத்தரைக்கு மேல் வெயில் வந்த பிறகு வகுப்பை வெளியே நடத்தினால் போதும். இதெல்லாம் சென்னையில் உட்கார்ந்து ஆணை தட்டச்சு செய்பவருக்குத் தோன்றாது, குற்றம் சொல்லவும் முடியாது.

பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பற்றித்தான் எனக்கே தெளிவில்லை. வகுப்பு நடக்கும் அறையிலேயே படுக்கையும் என்று இருக்கும் இடங்களில் ஒருவருக்கு வந்தால் விடிவதற்குள் எல்லாருக்கும். ஆனால் அந்த விடுதி மூடினால் மலையாளி என்ற பழங்குடியைச் சேர்ந்த சில பிள்ளைகளுக்குப் பள்ளி என்பதே இல்லை, ஊரில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. உள்ளே வந்த பிள்ளைகளை இரண்டு மூன்று மாதம் வீட்டுக்கு அனுப்பாமல், சமையல்காரரும் வார்டனும் உள்ளேயே தங்கி நடத்தலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையை மூன்று மாதம் அம்மா முகம் பார்க்காமல் வைப்பதா? எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால் யோசிக்கலாம், அதற்குக் கீழே எனக்கு மனசு வரவில்லை.

சரி, எந்த வகுப்பு முதலில்? நாம் திறந்தது மேலிருந்து கீழே. 2021 ஜனவரி 19 பத்தும் பன்னிரண்டும், பிப்ரவரி 8 ஒன்பதும் பதினொன்றும், மார்ச்சில் பன்னிரண்டைத் தவிர மறுபடி பூட்டு. செப்டம்பர் 1 திரும்ப ஒன்பது முதல் பன்னிரண்டு, கடைசியாக நவம்பரில் சின்னவர்கள். 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தபோது மறுபடியும் முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் சின்னவர்கள்தான். காரணம் பொதுத்தேர்வு. ஆனால் அந்தத் தேர்வே இரண்டு வருடமும் பத்தாம் வகுப்புக்கு நடக்கவில்லை, எல்லாரும் ஆல் பாஸ்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் அப்போதைய தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா 2021 ஜூலையிலேயே தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பது நல்லது என்றார். சின்னப் பிள்ளைகள் இந்தக் கிருமியை நன்றாகச் சமாளிக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். அப்போதைய ரத்தப் பரிசோதனைக் கணக்கில் ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது. பள்ளி பூட்டியிருந்தும் வந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவர் சேர்த்தே சொன்னார், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

என் கணக்கில் ஒன்று, இரண்டு, மூன்று முதலில். வாசிக்கத் தெரிந்த பிள்ளை புத்தகத்தை வைத்து எப்படியாவது ஒப்பேற்றும், எழுத்தே தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் இருந்தும் இல்லாததுதான். கூடவே எட்டு முதல் பத்து. அந்த வயதில் பையன் ஒரு முறை தறிக்கோ சேகோ என்கிற ஜவ்வரிசி ஆலைக்கோ போய்ச் சம்பளம் வாங்கிவிட்டால் திரும்ப வரமாட்டான். பெண்ணென்றால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும், இந்தப் பக்கத்து மாவட்டங்களுக்கு அந்தக் கெட்ட பெயர் புதிதில்லை. நான்கு முதல் ஏழு கொஞ்சம் பொறுக்கலாம், அவர்களுக்குத் திண்ணை வகுப்பு. பதினொன்றும் பன்னிரண்டும் சுழற்சியில் ஓடட்டும். இந்த வரிசையை ஏற்றுக்கொள்ளாதவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள், மூத்தவள் இன்னும் முறைக்கிறாள்.

ஒருவேளை அடுத்து வருவது பிள்ளைகளைக் கடுமையாகத் தாக்கும் நோயாக இருந்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். அப்போது சின்னவர்கள்தான் கடைசி, திண்ணை வகுப்பும் கிடையாது.

குழுவில் இதை வைத்தபோது, மூடுவதும் திறப்பதும் நம் கையில் இல்லையே என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், ஆனால் தயாராக இருப்பதற்கு யார் அனுமதியும் வேண்டாம். எந்த வீட்டில் பிள்ளை கைக்குக் கிடைக்கும் போன் இருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனைச் சின்னப் பிள்ளைகள், எந்தத் திண்ணையில் இடம் கிடைக்கும் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க ஹெச்.எம். டீச்சர் ஒத்துக்கொண்டார். துருப்பிடித்துத் திறக்காத ஜன்னல்களைப் பள்ளி நிதியில் சரிசெய்வது என்று தீர்மானம் ஆயிற்று. உடம்புக்கு ஆகாத ஆசிரியர்கள் வீட்டிலிருந்தால் அந்த வகுப்பை யார் பார்ப்பது என்பதற்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. ஊரில் பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் மூன்று பேரிடம் பேசிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு பெண் ஜவுளிக்கடை வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி, ஞாயிற்றுக்கிழமை போய்க் கேட்க வேண்டும்.